முட்டைக்கோஸ் போய் வந்த தூரம்

நாலடி பத்தங்குல உயரத்தில் ஒரு பெண் எட்டு டன் லாரியை ஓட்டிக்கொண்டு வருவதை முதல் தடவை பார்த்தவர்கள், ஓட்டுகிற இடத்தில் ஆளே இல்லை என்று அலறியிருக்கிறார்கள். அப்படி அலறிய ஒரு போக்குவரத்துக் காவலரிடம் அவள் தலையை வெளியே நீட்டி, "ஆள் இருக்கேன் சார், கண்ணை நல்லாத் தொடைச்சுட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்தப் பாதையில் அவளுக்குக் கடுகு என்று பேர். சிறுத்தாலும் காரம் குறையாத சாமான் என்று சக ஓட்டுநர்கள் வைத்த பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் பால் வேனில் கை பழகி, பிறகு உணவு விநியோக நிறுவனத்தில் சேர்ந்து, பத்தொன்பது வருஷமாகக் குளிர்லாரி ஓட்டினாள். கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிவிடுகிற ஆள். "இவளுக்குக் கோபம் வர்றதுக்குக் காரணமே வேணாம், காலையில எந்திரிச்சாப் போதும்" என்பார். ஆனால் கடைசியில் அவள் வேலையைத் தின்ற கோபத்துக்குக் காரணம் இருந்தது. நியாயமும் இருந்தது.

அந்த நாட்டைப் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். உலக வரைபடத்தில் அதன் மேல் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும். விடிந்தும் விடியாமலும் ஒரு முனையில் கிளம்பினால் சாயங்காலக் காப்பிக்கு மறுமுனையில் இருக்கலாம். இத்தனை சின்ன இடத்தில் ஒரு முட்டைக்கோஸ் எவ்வளவு தூரம் ஓட முடியும்? அதை ஓட வைக்க ஒரு நிறுவனமே இருந்தது.

சட்டம் இதுதான். எந்தப் பள்ளத்தாக்கில் விளைந்தாலும், காய்கறி முதலில் தலைநகரத்துத் தலைமைக் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே கழுவி, எடைபோட்டு, ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிறகு எந்த ஊருக்குத் தேவையோ அந்த ஊருக்கு வேறு லாரியில் அனுப்புவார்கள். கடுகின் ஊரிலிருந்து கிடங்கு இருநூற்று ஆறு கிலோமீட்டர். அவள் சேகரிப்பு லாரி. காய்கறியை ஏற்றிக்கொண்டு போவாள், காற்றை ஏற்றிக்கொண்டு திரும்புவாள். அவள் ஊருக்குச் சரக்குக் கொண்டுவருகிற விநியோக லாரி அதேபோலக் காய்கறியோடு வந்து காற்றோடு திரும்பும். ஒரே லாரி இரண்டு வேலையையும் செய்தால் என்ன என்று கேட்டால், சேகரிப்பு ஒரு துறை, விநியோகம் இன்னொரு துறை என்றார்கள். இரண்டு துறைக்கும் ஒரே மாடியில்தான் அலுவலகம். ஒரே கழிப்பறை.

இதெல்லாம் எங்கோ யாருக்கோ நடப்பதாக இருந்திருந்தால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள். ஆனால் அவள் ஏற்றுகிற முட்டைக்கோஸில் பாதி அவளுடைய கொழுந்தன் தோட்டத்தில் விளைந்தது. அவள் ஊர் ஆஸ்பத்திரியில் முன்னூறு நோயாளிகளுக்குச் சமைக்கிற சமையற்கூடத்துக்குத் தலைவி அவளுடைய நாத்தனார். தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே எட்டுக் கிலோமீட்டர். தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அண்ணன் வெட்டிய கோஸ் தங்கையின் அருவாமனைக்கு வந்து சேர நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் பயணமும் நாலு நாளும் ஆனது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இது ஊரையே சுற்றிவிட்டு மூக்கைத் தொடாமல் காதைத் தொடுவது. ஏனென்றால் வந்து சேரும்போது மேல் இலைகள் மஞ்சளாகி, நாத்தனார் அவற்றை உரித்து உரித்து, பந்து அளவில் போன கோஸ் எலுமிச்சை அளவில் அண்டாவுக்குள் விழும்.

ஒரு நாள் பெட்டிகளை ஏற்றும்போது கொழுந்தன் கேட்டான்.

"அண்ணி, போன வாரம் தங்கச்சியப் பாக்கப் போனேன். என் கோஸைப் பாத்து எனக்கே அடையாளம் தெரியல. அங்க என்னதான் பண்றாங்க?"

"ஸ்டிக்கர் ஒட்டறாங்க."

"ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கு?"

"புத்தம்புதுசுன்னு எழுதியிருக்கு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கிடங்கு வாசலில் ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இருபத்து நாலு லாரி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குளிர் இன்ஜின் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. வண்டி நின்றாலும் அது நிற்காது. மணிக்கு மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். நின்ற இடத்திலேயே நாட்டைக் குடித்துக்கொண்டு நின்றன அந்த லாரிகள். அவள் சரக்குச் சீட்டைத் திருப்பி முதுகில் பேனாவால் கணக்குப் போட்டாள். பாரத்தோடு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர், வெறும் வண்டி நாலு, இரண்டு லாரி, போக வர, குளிர் இன்ஜின் தனி. கூட்டினால் கிட்டத்தட்ட முன்னூறு லிட்டர். அதே சரக்கைக் கொழுந்தனின் பழைய மினி வேனில் நாலு நடையாக எடுத்துப்போய் ஊருக்குள் இறக்கினால் பத்து லிட்டர்கூட ஆகாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவன் இதைப் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பான்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளருக்கு ஓட்டுநர்கள் வைத்த பேர் ஐஸ்கட்டி. எதற்கும் சூடாக மாட்டார், எதற்கும் உருகவும் மாட்டார். சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கும்மா."

"அப்ப மாத்துங்க சார்."

"நீங்க வண்டி ஓட்டறதுக்கு இருக்கீங்க. திட்டம் போடறதுக்கு மேல ஆள் இருக்காங்க."

"மேல இருக்கறவங்க ஒரு நாள் கீழ எறங்கி வண்டியில வரட்டுமே. என் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு."

"இத ஆலோசனையா எழுதிக் கொடுங்க, அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லி, சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் எழுதிக் கொடுத்தாள். ஒரு தடவை இல்லை, இரண்டு வருஷத்தில் ஆறு தடவை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டாலாவது சத்தம் கேட்கும்.

பிறகு அந்த மழை வந்தது.

இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழை மூன்றாம் நாள் விடியலில் ஓய்ந்தது. கடுகு சேகரிப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை சரக்கை ஏற்றி, கிடங்கில் மட்டுமே உடைக்க வேண்டிய சீலைக் கதவில் போட்டு வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினாள். எழுபதாவது கிலோமீட்டரில் மலைவளைவு. அங்கே வண்டிகள் வரிசையாக நின்றன. இறங்கி நடந்துபோய்ப் பார்த்தாள். மலையிலிருந்து ஒரு வீட்டளவு மண்ணும் மரமும் சரிந்து சாலையை முழுசாக அடைத்துக் கிடந்தன. மேலே ஒற்றையடிப் பாதையில் பஸ் பயணிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து வரிசையில் அவளுக்குத் தெரிந்த ஒரு நீல லாரி நின்றது. நெட்டையின் லாரி. அவள் ஊருக்குச் சரக்குக் கொண்டுவருகிற விநியோக ஓட்டுநர் அவன். அவளைவிடப் பத்து வயது சின்னவன், இரண்டு மடங்கு உயரம்.

பாதையில் ஏறி இறங்கி அவனிடம் போனாள்.

"டேய் நெட்டை, என்னடா ஏத்திட்டு வந்திருக்க?"

"கோஸ், கேரட், பீன்ஸ். நேத்தே உங்க ஊருக்கு வந்திருக்க வேண்டியது. மழையில கீழயே நிறுத்திட்டாங்க. நீ?"

"கோஸ், கேரட், பீன்ஸ்."

அவன் தன் சரக்குச் சீட்டை எடுத்து நீட்டினான். எந்த லாரியில் கிடங்குக்கு வந்த சரக்கு என்று சீட்டில் எழுதியிருக்கும். அவளுடைய வண்டி எண் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் கையால் கொண்டுபோய் இறக்கிய அதே பெட்டிகள். மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் கொழுந்தனின் கோஸ், அந்தப் பக்கமும் கொழுந்தனின் கோஸ். ஒன்று போகிறது, ஒன்று வருகிறது, நடுவில் மலை விழுந்து கிடக்கிறது.

"அக்கா, நீ உன் கோஸை இந்தப் பக்கம் தூக்கிட்டு வா. நான் என் கோஸை அந்தப் பக்கம் தூக்கிட்டு வர்றேன். கணக்குச் சரியாப் போயிடும்" என்றான் நெட்டை. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடுகு மட்டும் சீட்டை அவன் கையில் திணித்துவிட்டு, மறுபடி ஏறி இறங்கித் தன் லாரிக்குத் திரும்பினாள்.

மண்ணை அள்ள மூன்று நாள் ஆகும் என்று சாலைக்காரர்கள் சொன்னார்கள். மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், வண்டியைத் திருப்பிட்டுப் போயிடட்டுமா?"

"சேகரிப்பு நிலையத்துல குளிர் அறை நிரம்பிடுச்சும்மா. அங்கேயே நில்லுங்க. குளிர் மட்டும் குறையக் கூடாது."

"மூணு நாள் நின்னுக்கிட்டே இன்ஜினை ஓட்டவா? இருநூறு லிட்டருக்கு மேல ஆகும் சார். டாங்கில அறுபதுதான் இருக்கு."

"டீசல் அனுப்பி வைக்கிறேன். டிரம்ல ஊத்தி, ஒரு வேன்ல."

"எங்கிருந்து?"

"இங்கிருந்துதான்."

"நடுவுல மண்ணு கெடக்கு சார்."

"மண்ணு வரைக்கும் வேன் வரும். அதுக்கப்புறம் ஆள் வச்சுத் தூக்கிட்டு வருவாங்க."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், பேசுவது மனிதர்தானா என்று. அதற்குள் இன்னொரு அழைப்பு. நாத்தனார்.

"அண்ணி, நீங்க ரோட்டுலதானே இருக்கீங்க? எங்களுக்கு ரெண்டு நாளா காய் வரல. வெறும் சோறும் பருப்புத் தண்ணியும்தான் போட்டுக்கிட்டிருக்கேன். ஆபரேஷன் ஆனவங்களுக்குக் காய்கறி சூப் கொடுக்கணும்னு டாக்டர் சத்தம் போடறாரு. விநியோக ஆபீஸ்ல கேட்டா, லாரி வழியில வந்துக்கிட்டிருக்குங்கறாங்க."

"வழியிலதான் இருக்கு. மண்ணுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப என்ன பண்றது?"

கடுகு தன் லாரியைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு டன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஊர் என்று ஒரு கணம் தோன்றியது. வெண்ணெயைப் பூட்டி சீல் வைத்தவன் யார் என்பதுதான் அடுத்த கணம் தோன்றியது.

"ரெண்டு மணி நேரத்துல வர்றேன். அண்டாவ அடுப்புல ஏத்து" என்றாள்.

மலைவளைவில் எட்டு டன் லாரியைத் திருப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முன்னால் இரண்டு முழம், பின்னால் இரண்டு முழம் என்று அரை மணி நேரம் ஆனது. ஒரு பஸ் ஓட்டுநர் பின்னால் நின்று, "வா வா வா... போதும் தாயே, அதுக்கு மேல ஆகாசம்!" என்று கத்தினார். திரும்பியதும் அவள் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கினாள். வழி முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள். பேசியவற்றில் எழுதக் கூடியது எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் சமையற்கூடத்துக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். கட்டிங் பிளேயரை எடுத்துச் சீலை ஒரே நறுக்கில் நறுக்கினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கதவைத் திறந்ததும் குளிர் வெள்ளைப் புகையாக வெளியே கொட்டியது.

நாத்தனார் ஈரக்கையோடு ஓடி வந்தாள். தரையில் கிடந்த சீலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, சீலை நீங்களா உடைச்சீங்க?"

"பின்ன, கோஸா உடைச்சுச்சு? ஆளைக் கூப்பிடு, எறக்கு."

"எப்படி அண்ணி எறக்கறது? ஸ்டிக்கர் இல்லாம ஒரு வெங்காயம்கூட உள்ள வரக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு. நாளைக்கு யாருக்காவது வயித்து வலின்னா என் கழுத்துலதான் கத்தி. பதினேழு வருஷமா ஒரு சொல் வாங்காம இருக்கேன்."

"உன் அண்ணன் தோட்டத்துக் கோஸ்தான்டி இது! காலையில வெட்டினது!"

"எனக்குத் தெரியுது. காகிதத்துக்குத் தெரியணுமே."

"அப்ப ஸ்டிக்கரையே கொதிக்க வச்சு சூப் போடு! ஆபரேஷன் ஆனவங்க நக்கிக்கட்டும்!"

வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போனாள். ஐஸ்கட்டி மேல் இருக்கிற கோபத்தைப் பாவம் இவள் மேல் கொட்டிவிட்டோமே என்று கடுகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நாத்தனார் கத்தியோடு திரும்பி வந்தாள். லாரியில் ஏறி, ஒரு பெட்டியின் அடியிலிருந்து ஒரு கோஸை எடுத்து இரண்டாக வெட்டினாள். கறுக்கென்று சத்தம் வந்தது. நறுக்கிய இடத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. ஒரு இலையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

"இந்தச் சத்தத்தக் கேட்டு எத்தன வருஷமாச்சு" என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "ரெண்டு தொட்டியிலயும் தண்ணி ரொப்புங்க. உப்புப் போட்டுக் கழுவணும்" என்று குரல் கொடுத்தாள். ஒரு தாளை வாங்கி, 'சீல் இல்லாமலும் ஸ்டிக்கர் இல்லாமலும் என் பொறுப்பில் அறுபது பெட்டி பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அண்ணியிடம் நீட்டினாள். எழுத்து நேராக நின்றது.

மீதியைக் கடுகு மூன்று பள்ளிக்கூடச் சமையலறைகளிலும் முதியோர் இல்லத்திலும் இறக்கினாள். சாயங்காலம் நாலு மணிக்கு லாரி காலி. கடைசியாகக் குளிர் இன்ஜினை அணைத்தாள். அது ஓடுகிற சத்தத்திலேயே வாழ்ந்தவளுக்குக் காதில் என்னவோ அடைத்தாற்போல் இருந்தது. பிறகுதான் அது அமைதி என்று தெரிந்தது.

நெட்டை அந்தப் பக்கத்தில் சொன்னபடி மூன்று நாள் நின்றான். வேன் கொண்டுவந்த டீசல் அவனுக்குப் போதவில்லை. இரண்டாம் நாள் மதியம் குளிர் நின்றது. நாலாம் நாள் அவன் சரக்கு முழுவதையும் மண் அள்ளும் இயந்திரத்தாலேயே பள்ளத்தில் தள்ளினார்கள். அவன் போன் செய்தான்.

"அக்கா, நான் சட்டப்படி அழுகினேன். எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. ஒனக்கு விசாரணையாம்."

இரண்டு வாரம் கழித்து விசாரணை. பஸ்ஸில் இருநூற்று ஆறு கிலோமீட்டர் போனாள். கணவர் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தார். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் ஐஸ்கட்டி. நடு நாற்காலிக்காரர் கேட்டார்.

"சீலை உடைக்கறது பெரிய குத்தம்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் உடைச்சீங்க?"

"பசிக்குச் சீல் வைக்க முடியாது சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு."

"யாருக்காவது வயித்து வலி வந்துச்சா? கேட்டீங்களா? நாலு நாள் லாரியில அலைஞ்சு, ஸ்டிக்கர் ஒட்டி வர்ற கோஸ் பத்திரம். காலையில வெட்டி மத்தியானம் கழுவின கோஸ் ஆபத்து. அப்படித்தானே? முன்னூறு லிட்டர் எரிச்சு ஒரு காயை வாட வைக்கிற வேலைக்குப் பேரு பாதுகாப்பா?"

"உங்க கோபம் எங்களுக்குப் புரியுது."

"புரிஞ்சா என்ன பண்ணப் போறீங்க?"

நடு நாற்காலிக்காரர் அடுத்த தாளைப் புரட்டினார். ஓரத்தில் இருந்த கண்ணாடி போட்ட பெண் அதிகாரி மட்டும், "ரெண்டு துறை லாரியும் ஒரு பக்கம் காலியா ஓடறது உண்மையா?" என்று மேலாளரைக் கேட்டார். "அது வேற துறைங்க மேடம்" என்றார் ஐஸ்கட்டி. அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

கடுகை வேலையிலிருந்து நீக்கினார்கள். நாத்தனாருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெளியே வந்ததும் கணவர், "சாப்பிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். அவள் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். அது துக்க அழுகை இல்லை. அடிக்க முடியாத கை அழுகிற அழுகை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் சும்மா இருக்கவில்லை. அன்றைய சூப்பை அவரும் குடித்திருந்தார். எழுதினார், நேரில் போனார், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி தன் தேவையில் ஐந்தில் ஒரு பங்கைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நேராக வாங்கலாம். ஐந்தில் ஒரு பங்கு! மீதி நாலு பங்கு பழையபடி மலை ஏறி இறங்க வேண்டும். அந்த ஒரு பங்கைக் கொண்டுவர ஆஸ்பத்திரி ஒரு சின்ன வேன் வாங்கி, கடுகை ஓட்டச் சொன்னது. காலை ஆறு மணிக்குக் கொழுந்தன் தோட்டம், ஆறே முக்காலுக்கு நாத்தனார் சமையற்கூடம். போக வர இரண்டு லிட்டருக்குள் முடிந்தது. நாத்தனார் கோஸை வெட்டும்போது இப்போது பக்கத்து அறைக்கும் சத்தம் கேட்கிறது.

இதோடு கதை சுபம் என்று நினைத்தால், நிறுவனத்தை நமக்குத் தெரியாது என்று அர்த்தம். உத்தரவின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. நேராக வாங்குகிற காய்கறியிலிருந்து வாரம் ஒரு மாதிரி தலைமைக் கிடங்கின் சோதனைக் கூடத்துக்கு வர வேண்டும், குளிர் குறையாமல்.

முதல் திங்கட்கிழமை அதற்கென்று ஒரு வேன் வந்தது. குளிர்வேன். ஓட்டுநர் இறங்கி, ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு கோஸ் கொடுங்கம்மா" என்றான்.

"ஒண்ணா?"

"ஒண்ணு போதும்."

"இந்த ஒண்ண எடுத்துட்டா இருநூத்தி ஆறு கிலோமீட்டர் போகப் போற?"

"என் வேலை அதுதாங்கம்மா. நான் என்ன பண்றது?"

அவன் மேல் பாய்ந்து பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவளும் இப்படித்தான் ஓட்டினாள். கூடையிலிருந்து ஒரு கோஸை எடுத்து அவன் பெட்டியில் வைத்தாள். அவன் மூடி, சீல் போட்டு, வேனில் ஏற்றி, குளிர் இன்ஜினைத் தட்டிவிட்டான். அது உறுமத் தொடங்கியது. ஒரே ஒரு முட்டைக்கோஸ் ராஜாவைப் போல் தனியாகத் தலைநகரத்துக்குப் புறப்பட்டது.

கடுகு அதைத் தெருமுனை வரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையற்கூடத்துக்குள் நுழைந்து நாத்தனாரிடம், "ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடு" என்றாள்.

"மறுபடியுமா அண்ணி? ஆறு தடவ எழுதியாச்சு. ஒருத்தரும் படிக்கல."

"அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு எழுதப் போறேன். அந்த அம்மா படிக்கலைன்னா, வாரா வாரம் கோஸ் போகுதில்ல, அதுகூடவே நானும் ஏறிப் போய் அந்த மேஜை முன்னாடியே உக்காருவேன்" என்று சொல்லிவிட்டு, காய் நறுக்குகிற மேடையிலேயே ஓர் ஓரத்தைத் துடைத்து, தாளை விரித்து, அழுத்தி எழுதத் தொடங்கினாள்.